பெயரும் முன்னோரும்

சில மாதங்களுக்கு முன்னர், அம்பத்தூரில் உள்ள என் இல்லத்திற்குக் கல்லூரி மாணவர் ஒருவர் வந்தார். அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிற்கு அவர் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார். அதில் இயற்பெயருக்கு ஒரு கட்டமும், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் இருந்தன. முதற் கட்டம் நிரம்பிவிட்டது. இரண்டாவது கட்டம் வெறுமையாக நின்றது. "ஐயா, எனக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லையே! அப்பா பெயரின் முதலெழுத்துத்தான் இருக்கிறது. நம் முன்னோர்க்கும் குடும்பப் பெயர் கிடையாதா?" என்று அவர் கேட்டார்.

தந்தையார் பெயரை அக்கட்டத்தில் எழுதுமாறு கூறி அவரை அனுப்பினேன். பலரும் அவ்வாறே செய்கின்றனர். ஆயினும் அவருடைய கேள்வியின் பிற்பகுதிக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. அது ஒரு சொல்லில் விடை கூறத்தக்க கேள்வி அன்று. அந்த விடையையே இப்பேச்சில் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

தமிழரிடையே குடிப்பெயர் உண்டு. ஆனால், மேனாட்டார் வழக்கம்போல அஃது எல்லார்க்கும் ஒரே வகையாய், தலைமுறைதோறும் மாறாமல் வந்ததில்லை. ஒருவர் பெயரோடு அவருடைய ஊர் சேர்ந்து நிற்கும். தொழில் சேர்ந்து நிற்கும். அரசர் அளித்த பட்டம் நிற்கும். குடியின் பெயர் நிற்கும். சங்க காலத்துப் புலவர்களை நோக்குங்கள். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்னும் பெயர்களைப் பாடப்புத்தகங்களில் படித்திருக்கிறீர்கள். கிழார் என்பதற்கு உரிமை உடையவர் என்பது பொருள். கோவூரில் உரிமை உடையவர் கோவூர் கிழார். அவரைப் பெற்ற தாய் அவரை அழைத்த பெயர் மறைந்துபோயிற்று. ஊரின் பெயர் மட்டும் இரண்டாயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. பெயரைச் சுமந்தவர் மறைய, பெயர் மட்டும் வாழ்கிறது. முன்னோரைத் தேடிச் செல்வோர் முதலில் உணரவேண்டிய உண்மை இது.

இதனை எனக்கு உணர்த்தியது என் சொந்தக் குடும்பமே. பூந்தமல்லிக்கு மேற்கே, ஏரிக்கரையில் அமைந்த ஒரு சிற்றூர் எங்கள் பூர்வீகம். அவ்வூரில் எங்கள் குடும்பத்தாரை 'ஏரி வீட்டார்' என்பர். அப்பெயர் எவ்வாறு வந்தது என்று கேட்டால், என் பாட்டியார் ஒரு கதை சொல்வார். எங்கள் பூட்டனார், அதாவது பாட்டனாரின் தந்தையார், பஞ்ச காலத்தில் தம் பொருளைச் செலவிட்டு அந்த ஏரியை வெட்டுவித்தார். அதனால் ஊரார் நன்றியோடு அப்பெயரை வழங்கினர் என்பது கதை. இளமையில் அதை நான் முழுமையாக நம்பினேன். பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் பேசியும் இருக்கிறேன். பிற்காலத்தில் அக்கதை என்ன ஆயிற்று என்பதை இறுதியில் சொல்கிறேன். அதற்கு முன், நம்முடைய பகுதியிலேயே தோன்றி, தமிழுலகம் முழுவதும் அறிந்த ஒரு குடிப்பெயரின் வரலாற்றைப் பார்ப்போம். என் குடும்பக் கதையை ஆராயும் முறையை எனக்குக் கற்பித்தது அந்த வரலாறே.

பூந்தமல்லியிலிருந்து தெற்கே மாங்காடு வழியாகச் சென்றால் குன்றத்தூர் வரும். குன்றின்மேல் முருகன் கோயில் விளங்கும் அவ்வூரே பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர். 'சேக்கிழார்' என்று நாம் சொல்லும்போது, அஃது அவருடைய இயற்பெயர் என்றே பலரும் எண்ணுகிறோம். அஃது இயற்பெயர் அன்று. அவர் பிறந்த குடியின் பெயர். சே என்றால் எருது. கிழார் என்றால் உரிமை உடையவர். எருதுகளை உடைய உழவர் குடி என்று அதற்குப் பொருள் கூறுவர். எருதுக்கொடியைச் சேக்கொடி என்று சொல்வது போலவே, சேவும் கிழாரும் சேருமிடத்தில் ககரம் மிகுந்து சேக்கிழார் என்றாயிற்று.

இப்பொருள் எளிதாகவும் இனிதாகவும் இருக்கிறது. ஆயினும் எளிதான பொருளை உடனே ஏற்றுக்கொள்ளாமல் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். தொண்டை நாட்டில் இதுபோன்ற வேறு குடிப்பெயர்கள் இருந்தனவா? அவை எவ்வாறு அமைந்தன? கூடல் கிழான், புரிசை கிழான் என்ற பெயர்கள் இருந்தன. அவற்றில் கிழான் என்பதற்கு முன்னே ஊர்ப்பெயர் நிற்கிறது. சங்கப் புலவர் பெயர்களிலும் ஊர்ப்பெயரே முன்னே நிற்கிறது. ஆகவே 'சே' என்பதும் ஒரு காலத்தில் ஊர்ப்பெயராகவோ அதன் பகுதியாகவோ இருந்திருக்கலாம் என்று எண்ணவும் இடமுண்டு. ஒரு பெயருக்குப் பொருள் காண விரும்புவோர், அதனைத் தனியே பிரித்துப் பார்த்தல் போதாது. அதன் உடன்பிறந்த பெயர்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தல் வேண்டும்.

இனி, அப்பெயரைச் சுமந்த மனிதரை அறிவது எப்படி? சேக்கிழாரைப் பற்றி நமக்கு மூன்று சான்றுகள் உள்ளன.

முதற்சான்று, அவருடைய நூலே. பெரியபுராணத்தில் அநபாயன் என்னும் சோழ மன்னனை அவர் பல இடங்களில் போற்றுகிறார். அவ்வநபாயன் 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாம் குலோத்துங்கன் என்பது அறிஞர் பலரின் முடிவு. ஆகவே அவர் வாழ்ந்த காலம் பன்னிரண்டாம் நூற்றாண்டு என்று அறிகிறோம். ஆனால் நூலாசிரியர் தம் ஊரையோ பெயரையோ அந்நூலில் கதையாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டாம் சான்று, மரபு. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக வழங்கும் சேக்கிழார் புராணம், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் எழுந்தது. தொண்டை நாட்டின் இருபத்து நான்கு கோட்டங்களுள் ஒன்றான புலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது குன்றத்தூர் என்றும், சேக்கிழாரின் இயற்பெயர் அருண்மொழித்தேவர் என்றும், அவர் சோழனிடம் அமைச்சராய் இருந்து உத்தமசோழப் பல்லவராயர் என்னும் பட்டம் பெற்றார் என்றும், அவர்க்குப் பாலறாவாயர் என்று ஒரு தம்பி இருந்தார் என்றும் அதனால் அறிகிறோம். கும்பகோணத்திற்கு அருகில் உள்ள திருநாகேச்சுரத்தின்மீது கொண்ட அன்பினால், அதே பெயரில் குன்றத்தூரில் ஒரு சிவன் கோயிலை அவர் எடுப்பித்தார் என்பதும் மரபே. அக்கோயிலை இன்றும் காணலாம்.

மூன்றாம் சான்று, கல்வெட்டு. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடியில், இரண்டாம் குலோத்துங்கனுக்குப் பின் வந்த இரண்டாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதில், குன்றத்தூர்ச் சேக்கிழான் மாதேவடிகள் இராமதேவனான உத்தமசோழப் பல்லவராயன் என்று ஒருவர் குறிக்கப்படுகிறார்.

இதனை நிதானமாக நோக்குங்கள். ஊர் ஒத்திருக்கிறது, குடி ஒத்திருக்கிறது, பட்டம் ஒத்திருக்கிறது, காலமும் ஒத்திருக்கிறது. ஆனால் இயற்பெயர் ஒத்துவரவில்லை! மரபு அருண்மொழித்தேவர் என்கிறது. கல்லோ இராமதேவன் என்கிறது. இவர் பெரியபுராண ஆசிரியரே என்பாரும் உண்டு. அக்குடியிற் பிறந்து அதே பட்டம் பெற்ற மற்றொருவர் என்பாரும் உண்டு. கல்வெட்டுகளில் வரும் சேக்கிழார் குடியினரை ஆராய்ந்த அறிஞர்களுள் டாக்டர் மா. இராசமாணிக்கனார் குறிப்பிடத்தக்கவர். அவ்வாராய்ச்சிகளால் ஓர் உண்மை தெளிவாயிற்று. சேக்கிழார் என்பது ஒருவருடைய பெயர் அன்று. சோழர் ஆட்சியில் பல ஊர்களில் வாழ்ந்து, பல பதவிகளை வகித்த ஒரு குடியினர் பலருக்கும் பொதுவான பெயர். அத்துணைப் பேருள் ஒருவர் பெரியபுராணம் பாடியமையால், குடியின் பெயர் முழுவதும் அவர் ஒருவர்க்கே உரியதாகிவிட்டது.

அக்கல்வெட்டுத் தொடரிலிருந்து மாணவர்கள் கற்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. சோழர் காலத்தில் ஒருவரை முழுமையாகக் குறிக்க விரும்பினால், முதலில் மண்டலம், பின்னர்க் கோட்டம், நாடு, ஊர் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி வருவர். அதன்பின் குடிப்பெயர், அதன்பின் பெரும்பாலும் தந்தை பெயர், அதன்பின் தன் பெயர், முடிவில் அரசர் தந்த பட்டம். இன்று நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை நம் பெயருக்கு முன்னே எழுதுகிறோம். தந்தை முன்னும் மகன் பின்னும் நிற்கும் அந்த வரிசை நேற்று வந்த வழக்கம் அன்று. கல்லில் பொறிக்கப்பட்ட பழைய வழக்கம். என்னிடம் வந்த மாணவர் வெறும் எழுத்து என்று எண்ணிய அது, ஒரு நெடிய முகவரியின் எஞ்சிய துண்டு.

குடிப்பெயரால் அறியப்பட்டவர் சேக்கிழார். வேறு வகையில் பெயர் பெற்றோரும் நம் பகுதியில் உண்டு. இராமாநுசர் போற்றிய திருக்கச்சி நம்பிகள் பூந்தமல்லியிற் பிறந்தவர். ஆனால் அவர் பெயரில் பூந்தமல்லி இல்லை, கச்சி இருக்கிறது. காஞ்சியில் வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசித் தொண்டு செய்தமையால், பிறந்த ஊர் மறைந்து தொண்டு செய்த ஊர் பெயராயிற்று. ஒரு பெயரில் ஊர் இருக்கக் கண்டவுடன், அவர் அங்கே பிறந்தார் என்று முடிவு கட்டிவிடலாகாது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

பூந்தமல்லிக்கு அடுத்த திருவேற்காட்டில் தோன்றியவர் மூர்க்க நாயனார். மூர்க்கர் என்ற பெயரைக் கேட்டவுடன் அஞ்சுகிறோம். அடியார்க்கு அமுது படைக்கப் பொருள் வேண்டிச் சூதாடியவர் அவர். ஆட்டத்தில் வஞ்சனை செய்வோரைச் சுரிகையால் குத்தியமையால் ஊரார் அவரை அவ்வாறு அழைத்தனர் என்று பெரியபுராணம் கூறுகிறது. பிறர் இட்ட பெயர் நிலைத்தது. பெற்றோர் இட்ட பெயர் மறைந்தது.

பெயருக்குக் காரணம் கூறுவதில் மனிதர்க்கு உள்ள ஆர்வம் சில வேளைகளில் வரம்பு கடந்துவிடும். ஆவடியில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெரிய இராணுவக் கிடங்கு அமைந்தது. அதன் ஆங்கிலப் பெயரில் உள்ள சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்தே 'ஆவடி' ஆயிற்று என்று படித்தவர்களும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கிடங்கு வருமுன் ஊர் இருந்ததா, அப்போது அதற்கு என்ன பெயர் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், கதை கலைந்துவிடும். கிடங்கிற்கு முன்பே ஊரும் உண்டு. அதன் பெயரும் உண்டு. எந்தப் பெயர்க் கதையையும் காலம் என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

இந்த உரைகல்லைக் கையில் எடுத்துக்கொண்டுதான் எங்கள் 'ஏரி வீட்டு'க் கதையை நான் ஆராயப் புகுந்தேன். 1980களில் ஒரு கோடை விடுமுறையில் அவ்வேலையைத் தொடங்கினேன்.

முதலில் ஏரியின் வயதைத் தேடினேன். செங்கற்பட்டுச் சீமை 1763இல் ஆர்க்காட்டு நவாபால் ஆங்கிலக் கம்பெனிக்குச் சாகீராக அளிக்கப்பட்டது. அதன்பின் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியியலாளர் அப்பகுதியை அளந்தார். அக்காலத்து ஊர்க்கணக்குகள் பனையோலையில் தமிழில் எழுதப்பட்டிருந்தன. ஊரில் எத்தனை வீடுகள், எவ்வளவு நன்செய், எத்தனை ஏரி குளங்கள், விளைச்சலில் எந்தத் தொழிலாளிக்கு எவ்வளவு பங்கு என்பனவெல்லாம் அவற்றில் குறிக்கப்பட்டன. அத்தகைய ஓலைகள் பல இப்போது தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. அவற்றைப் படிக்கும் பயிற்சி பெற்ற நண்பர் ஒருவர் எங்கள் ஊர்க்கணக்கை எனக்கு எடுத்துரைத்தார். அதில் ஏரி இருந்தது! எங்கள் பூட்டனார் பிறப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னரே அந்த ஏரி நீர் நிறைந்து கிடந்தது. அவர் அதை வெட்டியிருக்க இயலாது.

அடுத்து, எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திற்குச் சென்றேன். சென்னை மாகாணத்தில் 1858இல் இனாம் ஆணையம் அமைக்கப்பட்டது. கோயிலுக்கும், அறத்திற்கும், ஊர்த்தொண்டுக்கும் விடப்பட்ட மானிய நிலங்கள் யார் யாரிடம் உள்ளன, என்ன காரணத்தால் உள்ளன என்று ஊர்தோறும் ஆராய்ந்து பதிவேடுகள் எழுதினர். அப்பதிவேடுகளில் ஆண்டுகள் பசலியில் இருக்கும். பசலி ஆண்டு சூலைத் திங்களில் தொடங்குவது. அதனோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1272 என்றால் 1862–63 என்று கொள்ளவேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பூட்டனாரின் பெயரைக் கண்டபோது என் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் அவருக்கு எழுதப்பட்டிருந்த வயது ஐம்பது. எங்கள் பூட்டனார் அந்த ஆண்டில் கைக்குழந்தையாகத்தான் இருந்திருக்க முடியும். பெயர் பொருந்தியது, வயது பொருந்தவில்லை. சேக்கிழாரிடம் கண்ட அதே சிக்கல் வேறு வடிவில் என் முன் நின்றது!

அச்சிக்கலை அவிழ்த்தது ஒரு தமிழ்ச் சொல். மகனுடைய மகனை நாம் பேரன் என்கிறோம். அச்சொல்லின் முழு வடிவம் பெயரன். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பி வருவது நம் பழைய வழக்கம். பதிவேட்டில் இருந்தவர் பூட்டனார் அல்லர், அவருக்குப் பாட்டனார். இரண்டு மனிதர்கள் ஒரே பெயரைச் சுமந்தமையால், குடும்ப நினைவில் ஒருவராகிவிட்டனர். முன்னோரைத் தேடும் நீங்கள் அனைவரும் இவ்விடத்தில் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். ஒரே பெயரைக் கண்டவுடன் ஒரே ஆள் என்று எண்ணுதல் கூடாது. வயதையும் ஆண்டையும் தந்தை பெயரையும் ஒத்துப் பார்த்தல் வேண்டும்.

அவர் பெயருக்கு நேரே, எத்தொண்டின் பொருட்டு மானியம் என்ற இடத்தில், நீர்க்கட்டி என்று குறிக்கப்பட்டிருந்தது. நீர்க்கட்டி என்பவர் ஏரியைக் காவல் காப்பவர். மதகைத் திறந்து மூடுபவர். எவ்வயலுக்கு எந்நேரத்தில் நீர் பாயவேண்டும் என்று முறை வைத்துப் பாய்ச்சுபவர். அதற்காக அவருக்கு ஒரு சிறு துண்டு நிலமும், அறுவடைக் களத்தில் சிறிது தானியமும் உரியன. எங்கள் முன்னோர் ஏரியை வெட்டிய செல்வர் அல்லர். ஏரிக்குக் காவல் இருந்த ஊழியர். 'ஏரி வீட்டார்' என்ற பெயர் பொய் அன்று. அதற்கு நாங்கள் சொல்லிவந்த காரணந்தான் பொய்.

வீடு திரும்பி என் தந்தையாரிடம் இதைக் கூறினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதை ஊரில் யாரிடமும் சொல்ல வேண்டாமப்பா" என்றார். நான் எதிர்பாராத சொல் அது. எனக்கு இஃது ஓர் ஆராய்ச்சியின் முடிவு. அவருக்கோ அறுபது ஆண்டுகளாகத் தம் தோளில் அணிந்திருந்த பொன்னாடையை ஒருவர் உருவிக்கொண்டது போல் இருந்தது. உண்மையைத் தேடுவோர் அவ்வுண்மை யாரை நோகச் செய்யும் என்பதையும் நினைந்து பார்த்தல் வேண்டும் என்று அன்று கற்றேன்.

சில நாட்கள் கழித்து, அவரே பேச்சைத் தொடங்கினார். தாம் சிறுவராய் இருந்தபோது, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நள்ளிரவில் மழை வலுத்தால், தம் தந்தையார் அரிக்கேன் விளக்கையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவார் என்றார். "யாரும் கூப்பிடமாட்டார்கள். கூலியும் கிடையாது. ஏன் போகிறீர்கள் என்று கேட்டால், 'நாம்தானே போகவேண்டும்' என்பார். அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது" என்றார். அதன்பின் இவ்வரலாற்றைப் பிறர்க்குச் சொல்ல வேண்டாம் என்று அவர் கூறவில்லை. அவருடைய இசைவோடுதான் இன்று உங்களிடம் கூறுகிறேன். தொழிலின் பெயர் மறந்துபோன பின்னும், அத்தொழிலின் கடமை ஒரு வீட்டில் இரண்டு தலைமுறை தங்கியிருந்தது. அதைப் பதிவேடு சொல்லாது. கிழவர்களின் நினைவுதான் சொல்லும். ஆகவே ஏட்டைத் தேடுவதற்கு முன் வீட்டில் உள்ள முதியோரைக் கேளுங்கள். அவர்கள் கூறும் காரணம் தவறாக இருக்கலாம். அவர்கள் கண்ணாற் கண்டது விலைமதிக்க முடியாதது.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். எங்கள் முன்னோர்க்கு ஒரு துண்டு மானியம் இருந்தது. ஆதலால் அவர் பெயர் பதிவேட்டில் ஏறியது. அதே ஏரியின் நீரில் நாற்று நட்டு, களையெடுத்து, அறுத்து அடித்த நிலமற்ற உழைப்பாளர் பெயர் அங்கு இல்லை. அவருடைய மனைவியார் பெயரும் இல்லை. அவ்வம்மையார் பெயரை நான் அறிந்தது, என் அத்தை ஒருவருக்கு ஏன் அந்தப் பழைய பெயரை இட்டனர் என்று விசாரித்தபோதுதான். பெயர்த்தி வழியே பாட்டி கிடைத்தார். நிலமும் பதவியும் உடையோர்க்குக் கல்லும் ஏடும் சாட்சி சொல்கின்றன. மற்றவர்க்குச் சாட்சி சொல்ல நாமே முயலவேண்டும்.

கடல் கடந்து சென்ற ஏழைத் தமிழரின் நிலை இதற்கு மாறானது. 1860ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல், 342 பேரை ஏற்றிக்கொண்டு நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 இந்தியர் கரும்புத் தோட்ட வேலை முதலியவற்றிற்காக அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியே சென்றவர்கள். ஒவ்வொருவருக்கும் எண் இட்டு, பெயர், தந்தை பெயர், வயது, மாவட்டம், வட்டம், ஊர், உடலில் உள்ள அடையாளம் ஆகியவற்றை எழுதினர். ஆளை இழந்துவிடாமல் வேலை வாங்குவதற்காக எழுதப்பட்ட அந்தப் பட்டியலே, இன்று அவர்களுடைய பேரன் பேத்தியர் தம் ஊரைத் தேடிவர உதவும் விளக்காகிவிட்டது. அங்கே முதலி என்பது மூட்லி என்றும், கவுண்டர் என்பது கவெண்டர் என்றும் உருமாறி, நிலையான குடும்பப் பெயர்களாய் உறைந்துவிட்டன.

புதுச்சேரியில் வேறொரு நிலை தோன்றியது. 1881இல் பிரெஞ்சு அரசாங்கம் பிறப்பித்த ஆணையின்படி, தம் பழைய தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்க விரும்பியோர் ஒரு குடும்பப் பெயரைத் தாமே தெரிந்தெடுக்கலாயினர். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி, 'வாயில்' என்று பொருள்படும் லாபோர்த் என்னும் பெயரை ஏற்றார். இங்கே முன்னோர் தந்த பெயரை விட்டு, பின்னோர்க்குத் தாம் ஒரு பெயரைத் தந்தார். நம் செங்கற்பட்டிலோ, 1929 பிப்ரவரியில் நடைபெற்ற சுயமரியாதை மாநாட்டில், பெயரின் இறுதியில் வரும் சாதிப் பட்டங்களை நீக்கவேண்டும் என்று தீர்மானித்தனர். அதன்பின் பலர் அப்பட்டங்களைத் துறந்தனர். நம் மாணவர்தம் விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் வெறுமையாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த வெறுமை மறதியால் வந்தது மட்டும் அன்று. சமத்துவத்தை நாடி விரும்பி ஏற்றுக்கொண்டதும் ஆகும்.

ஆகவே மாணவ நண்பர்களே, குடிப்பெயரைத் தேடுவது உயர்வு தாழ்வு பேசுவதற்காக அன்று. சேக்கிழாரையே மீண்டும் நினைத்துப் பாருங்கள். தம்மைப் பற்றிப் பேசாத அப்பெருமகனார், பிறரைப் பற்றிக் கூறும்போது அவர் எவ்வூரினர், எக்குடியினர், என்ன தொழில் செய்தார் என்று பெரும்பாலும் சொல்லிச் செல்கிறார். தில்லையின் குயவரும், நாகையின் பரதவரும், காஞ்சியின் வண்ணாரும், காட்டு வேடரும் அவர் நூலில் அரசரோடு ஒருசேர நிற்கின்றனர். மனத்திலேயே கோயில் கட்டிய பூசலாரின் ஊர், ஆவடிக்கு மேற்கே இருக்கும் திருநின்றவூர் என்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. தொழிலைச் சொல்வது தாழ்த்துவது ஆகாது என்பதை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் காட்டிவிட்டார்.

2015 டிசம்பரில் பெருமழை பெய்து, செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, அடையாற்றில் வெள்ளம் பெருகியபோது, ஒரு நகரம் முழுவதும் ஏரியையும் மதகையும் பற்றிப் பேசியது. அந்நாட்களில் என் பழைய பதிவேட்டுக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். நீர்க்கட்டி என்ற அச்சொல் அப்போது எனக்கு எந்தப் பட்டத்திற்கும் குறைந்ததாகத் தோன்றவில்லை.

என்னிடம் வந்த மாணவர்க்கு இப்போது விடை கூறிவிடுகிறேன். நம் முன்னோர்க்குப் பெயர்கள் இருந்தன. அவை ஊரிலும் ஏரியிலும் தொழிலிலும் ஒட்டியிருந்தன. உங்கள் பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் சென்று, நம் வீட்டை ஊரார் என்ன சொல்லி அழைத்தனர் என்று இவ்வாரமே கேளுங்கள். அவர்கள் கூறும் பெயரையும், அதற்குக் கூறும் காரணத்தையும், தனித்தனியே இரண்டு பத்தியில் எழுதி வையுங்கள். பெயரை நம்புங்கள், காரணத்தை ஆராயுங்கள்.